டேல் கொடுத்த வாக்கு

எதிலாவது கையெழுத்துப் போட வேண்டுமென்றால் என் தம்பி டேல் முதலில் கையைக் கழுவிக்கொள்வான். வங்கிக் காகிதமோ, மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிச் சீட்டோ, எதுவானாலும் சமையலறைத் தொட்டியில் சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்து, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் பேனாவைத் தொடுவான். வண்டி எண்ணெய்க் கறை எப்போதும் கையில் இருக்கும் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியதில்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், அதற்குமேல் பேச்சில்லை என்று நினைக்கிற ஆள் அவன்.

ஜனவரியில் இறந்தான். எங்கள் பக்கத்தில் ஜனவரியில் யாரையும் புதைக்க முடியாது. மண் பாறையாக இறுகிக் கிடக்கும். உடலைக் கல்லறைத் தோட்டத்துக் கற்கட்டடத்தில் வைத்திருந்து, மே மாதம் மண் இளகியபின் புதைத்தோம். ஹெல்வி, நான், அவனோடு வேலை பார்த்த கோர்டி, இன்னும் சிலர் நின்றோம். உள்ளூர்ப் பத்திரிகை அவனைப் பற்றி நாலு வரி போட்டிருந்தது. மாவட்டச் சாலைத் துறையில் பனி வாரும் வண்டி ஓட்டினார், மீன் பிடிப்பதில் விருப்பம் உள்ளவர், ஒரு மகள், ஓர் அக்கா. தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு அவனைத் தெரிந்துகொண்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவனைச் சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் போதும். ஹெல்வி பள்ளியில் கடைசி வருஷம் படித்த குளிர்காலம்.

ஹெல்வி அவன் மகள். அவள் சின்னவளாக இருக்கும்போதே அவளுடைய அம்மா அரிசோனாவுக்குப் போய்விட்டாள். குளிர் தாங்கவில்லை என்றாள், அது உண்மையும்கூட. அதன் பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான். நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். தனிக்கட்டை, ஊர் நூலகத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ஹெல்வியின் படிப்பு சம்பந்தமான எதுவானாலும் "கேரலைக் கேளு" என்று டேல் என் பக்கம் கையைக் காட்டிவிடுவான்.

ஹெல்விக்குக் கல் பைத்தியம். மூடிப்போன செப்புச் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் ஏறி, பச்சை பூத்த கற்களாகப் பொறுக்கி வந்து ஜன்னல் விளிம்பில் அடுக்குவாள். நிலவியல் படிக்க வேண்டும் என்றாள். கிழக்கே வெர்மான்ட் மலைகளுக்குள் ஒரு சிறிய கல்லூரி, அங்கேதான் படிப்பேன் என்றாள். அக்டோபரில் டேல் விடுப்பு எடுத்து அவளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தான். எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"ரோடு நல்லா வச்சிருக்காங்க. ஓரத்துல தண்ணி போற வழி எல்லாம் ஒழுங்கா வெட்டியிருக்காங்க."

"காலேஜ் எப்படிடா?"

"அதான் சொல்றேனே."

அந்தக் கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நவம்பர் தொடக்கத்துக்குள் அனுப்பினால் டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இடம் கொடுத்தால் கண்டிப்பாக வருவோம், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்று மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பள்ளியில் அச்செடுத்துக் கொடுத்த அந்தத் தாளை டேல் கை காயும்வரை நின்றபடியே இரண்டு முறை படித்தான்.

"அவங்க குடுத்தா நாம போயே ஆகணும். சரி. நாம வர்றேன்னு சொல்லிட்டதால, அவங்க குடுத்தே ஆகணும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்லப்பா," என்றாள் ஹெல்வி.

"ஓஹோ. முடிச்சு ஒரு பக்கம்தான்."

"உனக்கு வேண்டாம்னா விடு."

"வேண்டாம்னு யாரு சொன்னா? என்ன முடிச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடறேன்." போட்டான்.

கல்லூரிக் கடையில் அவன் ஒரு ஸ்டிக்கர் வாங்கி வந்திருந்தான். கல்லூரிப் பெயர் கொட்டை எழுத்தில் போட்டது, வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டுவதற்கு. இடம் கிடைத்த பிறகுதான் அதை எல்லோரும் ஒட்டுவார்கள். டேல் நவம்பரிலேயே ஒட்டிவிட்டான். கேட்டதற்கு அவன் சொன்ன காரணம் சுத்தமான டேல் காரணம்: உறைநிலைக்குக் கீழே போனால் அந்தப் பசை பிடிக்காது என்று பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது, இந்த வருஷத்தின் கடைசி வெயில் நாள் இதுதான், டிசம்பருக்குக் காத்திருந்தால் அப்புறம் ஏப்ரலில்தான் ஒட்ட முடியும். ஹெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. அவளுக்கும் நம்பிக்கை இருந்தது.

பதில் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னையும் வரச் சொல்லியிருந்தான். ஊரில் ஐரீன் நடத்துகிற கடையில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனேன். மேலே ஒன்றும் எழுத வேண்டாம் என்று ஹெல்வி முன்பே சொல்லியிருந்ததால் வெறும் வெள்ளைக் கேக். அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டேல் அடுப்படியில் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். கிண்ட வேண்டிய அவசியமே இல்லாத சூப்.

கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்த்து என்ன பதில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தள்ளி வச்சிருக்காங்க."

"எங்க?" என்றான் டேல்.

"எங்கயும் இல்லப்பா. முடிவத் தள்ளி வச்சிருக்காங்க. மார்ச்சுல மத்தவங்களோட சேர்த்து மறுபடி பாப்பாங்களாம்."

"அப்ப இல்லன்னு சொல்லல."

"ஆமான்னும் சொல்லல."

சூப் குடித்தோம். கேக்கை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மேஜை நடுவில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. கடைசியில் டேல் எழுந்து கத்தி எடுத்துச் சரிபாதியாக வெட்டினான். "பாதிய இப்ப சாப்பிடுவோம். மீதிய ஃப்ரீசர்ல வைப்போம். மார்ச்சுக்கு." அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதனாலேயே ஹெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாலையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் சனிக்கிழமை. கொல்லைப்புறக் கொட்டகையில் டேல் மத்தியானமே விறகு போட்டு சௌனாவை, அந்த நீராவிக் குளியல் அறையை, சூடாக்கி வைத்துவிடுவான். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். நானும் ஹெல்வியும் மேல் பலகையில் உட்கார்ந்திருந்தோம்.  நான் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சூட்டில் யாரையும் பேசச் சொல்லத் தேவையில்லை, தானாக வரும்.

"அழுகை வரல, அத்தை. அதான் கஷ்டமா இருக்கு. இல்லன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், ஆமான்னு சொல்லியிருந்தா கத்தியிருப்பேன். இதுக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"மத்த காலேஜுக்கெல்லாம் போடணுமே, கண்ணு. வருஷப் பிறப்போட கடைசித் தேதி முடியுதே."

அவள் அகப்பையில் தண்ணீர் மொண்டு கல்லின்மேல் ஊற்றினாள். ஆவி குப்பென்று எழுந்து இருவர் முகத்தையும் மறைத்தது.

"அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரே."

"அது இன்னும் செல்லுமா?"

"அப்பா செல்லும்கறாரு."

நான் அதோடு விட்டேன். வெளியே வந்து பனியில் நின்று மூச்சு வாங்கியபோது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவள் விண்ணப்பித்தது ஒரே இடம். மார்ச்சில் அங்கே இல்லை என்று சொல்லிவிட்டால் வேறு எதுவும் கையில் இருக்காது. அடுத்த வருஷம் ஐரீன் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்து, அப்படியே இருந்துவிட்ட பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

டேலிடம் பேசிப் பார்த்தேன்.

"நாலு இடத்துக்காவது போடச் சொல்லுடா அவளை."

"ஒரு இடத்துல வாக்குக் குடுத்திருக்கோம். அவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க. அதுக்குள்ள இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்கறதா? எம் பொண்ணு அப்படிச் செய்யமாட்டா."

"அவங்க உனக்கு வாக்குக் குடுக்கலயேடா."

"அது அவங்க பாடு."

இதற்கிடையில் அந்த ஸ்டிக்கர் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோர் வண்டியும் தெரியும். பெட்ரோல் போட நின்றால், தபால் நிலையத்தில் நின்றால், ஹாக்கி ஆட்டத்துக்குப் போனால், யாராவது ஒருவர் முதுகில் தட்டுவார். "பொண்ணு கிழக்க போறாளாமே, கண்ணாடில பாத்தேன்!" என்று ஐரீன் கல்லாவிலிருந்தே கூவினாள். டேலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நடந்ததை விளக்கவும் தெரியவில்லை. "ம்" என்பான். அந்த 'ம்'மை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்கூட வாசலில் ஹெல்வியைப் பிடித்து வாழ்த்துச் சொல்வார்கள்.

பனி வாரும் வண்டியில் டேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பனியை ஓரம் தள்ளுகிற இறக்கைத் தகட்டை இயக்குகிறவன் கோர்டி. இருபது வருஷமாக ஒரே வண்டியில் இருவரும். அவனிடம் மட்டும் டேல் விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

"தள்ளி வச்சிருக்காங்கன்னா என்னடா அர்த்தம்? நம்ம ஆபீஸ்ல புது வண்டி கேட்டா சொல்வாங்களே, அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப அவ பேரப்பிள்ளை எடுத்தப்புறம்தான் கூப்பிடுவாங்க."

டேல் வண்டியைக் கிளப்பினானாம். ஆனால் அன்றைக்குக் கோர்டி வீட்டு வண்டிப்பாதையின் வாயில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பனிக் குவியல் கிடந்தது. ஐரீன் வீட்டு வாசலிலும் அப்படித்தான். வாழ்த்துச் சொன்ன வீடுகளையெல்லாம் வரிசையாகக் காட்ட முடியும் என்று கோர்டி இன்றைக்கும் சொல்வான். டேலைக் கேட்டால், காற்று அடித்த பக்கம் பனி போகும், நான் என்ன செய்ய என்பான்.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் ஸ்டிக்கரைச் சுரண்டிவிடுவது என்று முடிவு செய்தான். பசை அந்தக் குளிரில் இரும்பாக இறுகியிருந்தது. நல்ல நாளில் ஒட்டினான் அல்லவா. பிளேடை வைத்து அழுத்திச் சுரண்டியதில் ஸ்டிக்கரோடு சேர்ந்து, கண்ணாடியில் உறைபனியை உருக்குகிற கம்பிக் கோடுகளில் சிலவும் அறுந்தன. மறுநாளிலிருந்து பின்கண்ணாடி முழுக்கத் தெளிவாக இருக்கும், கல்லூரிப் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை உறைந்து நிற்கும். முன்பு வாழ்த்துச் சொன்னவர்கள் இப்போது குரலைத் தாழ்த்தி, "என்னாச்சு டேல்?" என்று கேட்டார்கள். அது முன்னதைவிட மோசம்.

பள்ளி விடுமுறை விட்டாகிவிட்டது. ஹெல்வி காலையில் எழுந்து, தன் கற்களைத் துடைத்து, இடம் மாற்றி அடுக்கிவிட்டு, சோபாவில் படுத்துக்கொண்டாள். விண்ணப்பம் என்ற பேச்சை எடுத்தால் "அப்பாகிட்ட கேளுங்கத்தை" என்றாள். அப்பாவைக் கேட்டால் "வாக்கு" என்றான். அவன் வாக்கு என்று சொல்லும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதைக் கவனித்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இவ்வளவு யோக்கியனா இருக்கறவன் அவங்களையே ஃபோன் பண்ணிக் கேட்டுடேன். எங்க வாக்க வச்சுக்கிறீங்களா, திருப்பித் தர்றீங்களான்னு."

கோபத்தில் சொன்னதுதான். டேல் யோசித்துவிட்டு, "அது சரிதான்," என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திங்கட்கிழமை, சாலைத் துறைக் கொட்டகையின் சாப்பாட்டு அறையிலிருந்து அவன் வெர்மான்டுக்குப் பேசினான். பக்கத்தில் கோர்டி பாஸ்டி என்கிற இறைச்சி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். கொட்டகை இரைச்சலில் காது கேட்கவில்லை என்று ஃபோனை மேஜைமேல் வைத்து உரக்கப் போட்டிருந்ததால் இரண்டு பக்கப் பேச்சும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. இதை அவன் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொல்வான், அதனால் நம்புகிறேன்.

எடுத்தவள் ஓர் இளம்பெண். டேல் பெயரைச் சொன்னதும், "சார், விண்ணப்பங்களைப் பத்தி நாங்க பெத்தவங்ககிட்ட பேசறதில்ல. உங்க மகளே எங்களுக்கு எழுதலாம்," என்றாளாம்.

"அதப் பத்திப் பேச வரலம்மா. ஏன் தள்ளி வச்சீங்கன்னும் கேக்கல. நான் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க இடம் குடுத்தா என் பொண்ணு கண்டிப்பா அங்க வருவான்னு. மார்ச் வரைக்கும் அது நிக்குமா, இல்ல என்னை விடுவிச்சுடறீங்களா, அதான் கேக்கணும்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டதாம்.

"சார், தள்ளி வச்ச அன்னைக்கே அது முடிஞ்சுபோச்சு. நீங்க எங்க வேணும்னாலும் போடலாம். மகளுக்கு வந்த கடிதத்துலயே எழுதியிருக்கோமே."

"அப்ப எங்க வாக்கு உங்களுக்கு வேண்டாம்."

"வேண்டாம்னு இல்ல சார்…"

"இல்ல, புரியுது. அங்க பனி பெய்யுதாம்மா?"

"காலைலேருந்து கொட்டுது சார்."

"வீட்டுக்குப் போறப்ப பாத்துப் போ."

வைத்துவிட்டு டேல் அப்படியே உட்கார்ந்திருந்தானாம். கல்லூரி முடிவைத் தள்ளி வைத்ததைச் சொன்னபோதுகூட அவன் முகம் அப்படிப் போகவில்லை என்பான் கோர்டி. கொடுத்த வாக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக யாருக்கும் வேண்டாததாகத் தரையில் கிடந்திருக்கிறது. இவன் ஒருவன்தான் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் நானும் ஹெல்வியும் அவன் வீட்டுச் சமையலறையில் கிறிஸ்துமஸுக்கு ஏலக்காய் ரொட்டி செய்ய மாவைச் சடையாகப் பின்னிக்கொண்டிருந்தோம். டேல் உள்ளே வந்தான். பனி பிடித்த பூட்ஸோடு அவன் சமையலறைக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை.

"கடிதத்துல எழுதியிருந்துச்சாமே. நாம எங்க வேணும்னாலும் போடலாம்னு."

ஹெல்வி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆமா."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே, நான் வாக்கு வாக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சத பாத்துக்கிட்டு இருந்த."

"சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சொன்னா நீயும் அத்தையும் உடனே உக்கார வச்சு எழுதச் சொல்வீங்க. என்னால முடியலப்பா. நான் யாரு, எனக்கு என்ன பிடிக்கும், ஏன் பிடிக்கும், எல்லாத்தையும் ஒரு இடத்துல சொல்லிட்டேன். முழுசா சொல்லிட்டேன். கேட்டுட்டு, அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. மறுபடி நாலு பேருகிட்டப் போய் அதையே எப்படிச் சொல்றது?"

இப்போதுதான் அவள் அழுதாள். கையெல்லாம் மாவு, கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. நான் துண்டை எடுத்தேன். டேல் நகரவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான். "அன்னைக்கு நீ வெளிய வந்து தள்ளி வச்சிருக்காங்கன்னு சொன்னப்ப, எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு."

ஹெல்வி நிமிர்ந்தாள். "என்னது?"

"இன்னும் கொஞ்ச நாள் இங்க இருப்பன்னு. ஒரு நிமிஷம்தான். வேணும்னு நினைக்கல, தானா வந்துச்சு."

"நான் உள்ள செத்துக்கிட்டிருந்தேன், நீ சூப் கிண்டிக்கிட்டு சந்தோஷமா இருந்தியா?"

"ஒரு நிமிஷம்."

"இதுல ஸ்டிக்கர் வேற!"

"அது முன்னாடி ஒட்டினது," என்றான் டேல், மிகச் சரியாக.

அவ்வளவுதான். அவள் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் இங்கயே கிடந்தா உனக்கு நல்லாயிருக்கும், இல்ல? பாக்கலாம். நான் போறேன். வெர்மான்ட் இல்லன்னா வேற எங்கயாவது. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்." அறைக் கதவு அடித்த வேகத்தில் ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது. பாதி பின்னிய ரொட்டியை நான்தான் முடித்தேன்.

அன்றிலிருந்து அவள் எழுதினாள். சோபாவில் படுக்கவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அப்பாவோடு பேச்சு "உப்பு" என்பதோடு சரி. கிறிஸ்துமஸ் அன்றும் அப்படித்தான். ஒருநாள் நான் போனபோது ஃப்ரீசரில் இருந்த பாதிக் கேக்கின் பெட்டி அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. மார்ச் வரை வைத்திருக்க வேண்டியது என்று நான் நினைவூட்டவில்லை.

டேல் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டான். "நான் அதச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"சொன்னதாலதான் உக்காந்து எழுதறா."

"கோவத்துலயா?"

"கோவத்துலதான்."

கொஞ்சம் யோசித்தான். "சரி, எழுதட்டும்."

வருஷத்தின் கடைசி நாளில் நான்கு விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன. மினசோட்டாவில் ஒன்று, கொலராடோவில் ஒன்று, மற்ற இரண்டும் எங்கள் மாநிலத்திலேயே. போனதோடு கோபமும் பாதி போய்விட்டது போல. ஜனவரி நடுவில், தள்ளி வைக்கப்பட்டவர்கள் விரும்பினால் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம் என்று வெர்மான்ட் சொல்லியிருந்தது. ஹெல்வி அதை எழுதி, நான் இருக்கும்போதே, அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "படிச்சுப் பாரு."

அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தான்.

"எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா குடுத்தா கண்டிப்பா வருவேன்னு எழுதலயே."

"எழுதமாட்டேன்."

"அங்க போகத்தான ஆசை உனக்கு?"

"ஆசைதான். அத எழுதியிருக்கேன். கண்டிப்பா வருவேங்கறது ஒரு தடவை சொல்றதுப்பா. சொல்லியாச்சு."

டேல் தாளை நேராக்கி அவளிடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு பிரெட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அன்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஏரி எப்போது முழுக்க உறையும் என்பது பற்றி.

பிப்ரவரியில் மினசோட்டாவிலிருந்து இடம் உண்டு என்று பதில் வந்தது. ஊருக்கு யாரும் சொல்லவில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு பெரிய பனிப்பொழிவு. டேலுக்குத் தொடர்ந்து வேலை, வீட்டுக்கு வரவில்லை. அதனால் வெர்மான்ட் பதில் வருகிற சாயங்காலம் ஹெல்வி நேராக சாலைத் துறைக் கொட்டகைக்கே போய்விட்டாள். என்னையும் நூலகத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை அறை இல்லை, கதவு இல்லை. ஓட்டுநர்கள் எல்லோரும் காபிக் கோப்பையோடு சுற்றி நிற்க, நீண்ட மேஜையில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தாள்.

படித்தாள். "இல்லன்னுட்டாங்க."

 கோர்டிதான் முதலில் வாயைத் திறந்தான். "இதச் சொல்லவா இத்தனை மாசம்? எங்கிட்டக் கேட்டிருந்தா அப்பவே இல்லன்னு சொல்லியிருப்பேனே."

ஹெல்வி சிரித்தாள், கண்ணில் நீரோடு. டேல் எதிரே உட்கார்ந்து அவள் ஃபோனை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "ஒரு வழியாச் சொன்னாங்களே," என்றான். "வலிக்குதா?"

"வலிக்குது. ஆனா டிசம்பர் மாதிரி இல்ல. இது என்னன்னு தெரியுது."

"அப்ப மினசோட்டா."

"அப்ப மினசோட்டா," என்றாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டேலும் கோர்டியும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஆகஸ்டில் நாங்கள் மூவரும் மினசோட்டாவுக்குப் போனோம். கற்கள் நிறைந்த பெட்டியை டேல் மூன்று மாடி தூக்கினான். வழியில் உதவ வந்த பையன்களிடம் கொடுக்கவில்லை. படுக்கையை இழுத்துப்போட்டு, அலமாரியின் தளர்ந்த கீலை முறுக்கிவிட்டு, இனிச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனபின் கீழே வண்டியருகில் நின்றோம். ஹெல்வி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப சந்தோஷமா இருக்கா?"

டேல் உண்மையாகவே யோசித்தான். "இல்ல."

"நல்லது," என்றாள் அவள். சிரித்துக்கொண்டே அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாள்.

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான்.  மினசோட்டா எல்லையில் இருக்கிற டுலூத் பாலத்தைத் தாண்டியதும், "நீ ரொம்ப மெதுவா ஓட்டற, கேரல்," என்றான். ஓரமாக நிறுத்தி இடம் மாறிக்கொண்டோம். அங்கிருந்து வீடு வரை அவனே ஓட்டினான்.